பெடலைத் திறந்து மாற்றியபின் வரும் கோளாறுகள்: சத்தத்தைக் கேட்டுக் காரணத்தைப் பிடிப்பது

பாளையங்கோட்டையில் சித்திரை மாத மதியம் பத்தவைக்க உட்காருவதென்றால் முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். விசிறிக் காற்றில் சால்டரிங் அயர்னின் முனைக்குச் சூடு நிற்காது. ஈயம் இளகி ஓடாமல் உருண்டை கட்டிக்கொள்ளும். விசிறி நின்றதும் நெற்றி வியர்வை போர்டில் சொட்டப் பார்க்கும், கை அவசரப்படும். வீட்டில் டிஸ்டார்ஷன் பெடலை, அதாவது கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டியைத் திறந்து டயோடோ கண்டன்சரோ (கெபாசிட்டர்) மாற்றிவிட்டு, "அண்ணே, முன்னால நல்லாத்தான் இருந்துச்சு" என்று என்னிடம் கொண்டுவரப்படும் பெடல்களில் பாதிக்குமேல் அந்த அவசரத்தில் விழுந்த ட்ரை சால்டர்தான், அதாவது ஈயம் காலோடு சரியாகப் பிடிக்காத பத்தவைப்பு. மீதியைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

நான் மனதில் வைத்து எழுதுவது பாஸ் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1. 1978-இல் வெளிவந்த பெடல். நம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரிகளிலும் சர்ச் பாடகர் குழுக்களிலும் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். போர்டில் துளை வழியாகக் கால் நுழைத்துப் பத்தவைத்த பாகங்கள் உள்ள எந்தப் பெடலுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். கடுகளவு சில்லுகள் ஒட்டிய சின்னப் பெடல்களுக்கு வேறு கைப்பழக்கம் வேண்டும்.

உள்ளே சத்தம் போகும் பாதை மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிடாரிலிருந்து வருவது முதலில் ஒரு டிரான்சிஸ்டர் பஃபரில் (சத்தத்தைப் பெருக்காமல் வலு மட்டும் கொடுத்து அனுப்பும் பகுதி) நுழைகிறது. அடுத்த டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது. பிறகு ஐசி இன்னும் பெருக்குகிறது; டிஸ்ட் குமிழ் கட்டுப்படுத்துவது அந்த இடத்தை. ஐசியைத் தாண்டியதும் இரண்டு டயோடுகள் எதிரெதிர் முகமாக கிரவுண்டுக்கு நிற்கின்றன. அலையின் தலையையும் அடியையும் வெட்டி அந்தக் கரகரப்பைத் தருபவை அவைதான். பிறகு டோன், லெவல், கடைசியில் இன்னொரு பஃபர்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் ஜங்ஷன் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஒரு அண்ணாச்சி. கிடார் பெடலை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ரேடியோவுல பாதிதான்வே இது" என்றார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா எதத் தொட்டீரு?" பழுது தானாக வந்த பெடலில் எங்கும் தேடலாம். கை வைத்தபின் வந்த பழுதை, கை வைத்த இடத்திலிருந்துதான் தேட வேண்டும். அதனால்தான் ஒரே மூச்சில் ஆறு பாகங்களை மாற்றாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். ஒன்றை மாற்றுங்கள், வாசித்துப் பாருங்கள், பிறகு அடுத்தது.

மிதித்தாலும் சத்தமில்லை, மிதிக்காவிட்டாலும் சத்தமில்லை

பெடல் எந்த வகை என்று முதலில் பாருங்கள். டிஎஸ்-1 போன்றவற்றில் எஃபெக்ட் அணைந்திருந்தாலும் சத்தம் பஃபர்கள் வழியாகத்தான் போகும். கரண்ட் இல்லையென்றால் இரண்டு நிலையிலும் ஊமைதான். ஆகவே முதல் சந்தேகம் கரண்டு மேல். ஒன்பது கால் ஸ்விட்ச் போட்டு ட்ரூ பைபாஸ் ஆக்கிய (அணைத்தால் சத்தம் உள்ளே எதையும் தொடாமல் நேராக வெளியே போகும்) பெடலாக இருந்தால் கதை வேறு. அதில் பேட்டரியே இல்லாமலும் அணைந்த நிலையில் கிடார் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஸ்விட்ச் வயரிங்கையோ ஜாக்கையோ பாருங்கள். அந்த ஸ்விட்சின் காலில் அயர்னை நாலைந்து விநாடிக்கு மேல் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகித் தகடு சாய்ந்துவிடும். "டக்" என்று நன்றாகவே அழுந்தும், ஆனால் ஒரு பக்கம் தொடாது.

கரண்ட் பக்கம் நான் மிக அதிகம் பார்த்த தவறு அடாப்டர். இந்தப் பெடல்களுக்கு நடுக்குழி மைனஸ், வெளி வளையம் பிளஸ், 9 வோல்ட். வீட்டில் கிடக்கும் வைஃபை ரூட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பின் அளவு மட்டும் அச்சாகப் பொருந்திவிடும். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் பாடகர் குழுத் தம்பி ஒருவன் அப்படிச் சொருகி, பெடல் செத்துவிட்டதென்று கண் கலங்கி நின்றான். செத்தது பெடல் இல்லை. கரண்ட் நுழையும் இடத்தில் குறுக்கே காவலுக்கு நிற்கும் ஒரு டயோடு ஷார்ட் ஆகிப் பெடலைக் காப்பாற்றியிருந்தது. மல்டிமீட்டரை, இரண்டு முள்ளும் இணைந்திருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தொட்டால் விடாமல் பீப் அடித்தது. அந்த டயோடைக் கழற்றியதும் பீப் நின்றது. 1என்4001 ஒன்று போட்டோம். அன்று ராத்திரியே அவன் வாசித்தான்.

பேட்டரியில் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் இன்புட் ஜாக்கைப் பாருங்கள். அது ஸ்டீரியோ ஜாக். பின் சொருகினால்தான் நடுவளையம் வழியாகப் பேட்டரியின் மைனஸ் கிரவுண்டோடு சேரும். ஜாக் மாற்றும்போது மோனோ ஜாக் போட்டுவிட்டாலோ, நடுவளைய வயரைத் தப்பான காலில் வைத்துவிட்டாலோ பேட்டரி இணையவே இணையாது, அல்லது ராப்பகலாக ஓடித் தீர்ந்துவிடும். கச்சேரி முடிந்ததும் இன்புட் பின்னைக் கழற்றச் சொல்வது இதனால்தான்.

மிதிக்காமல் நன்றாகக் கேட்கிறது, மிதித்ததும் ஊமை

மாற்றம் செய்தவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். பஃபர்கள் நலம், கரண்ட் நலம். நடுவில் எங்கோ பாதை அறுந்திருக்கிறது அல்லது கிரவுண்டில் கொட்டுகிறது.

டயோடு மாற்றியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை டயோடு நிலையில் வைத்து அந்த ஜோடியின் இரு முனைகளிலும் தொடுங்கள். பிறகு முட்களை மாற்றித் தொடுங்கள். எதிரெதிராக நிற்கும் நல்ல ஜோடி என்றால் இரண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே எண் வரும்: சிலிக்கன் என்றால் 0.6 அருகே, ஜெர்மேனியம் என்றால் 0.2 முதல் 0.35 வரை, சிவப்பு எல்இடி என்றால் 1.6, 1.7 அருகே. இரண்டு தடவையும் 0.00 என்றால் ஷார்ட். பக்கத்துப் பத்தவைப்போடு ஈயம் பாலம் போட்டிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு தடவை எண் வந்து மறுதடவை எதுவும் வராவிட்டால், இரண்டையும் ஒரே முகமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது ஒன்றின் கால் பத்தவில்லை. அப்போது ஊமை ஆகாது, ஆனால் கரகரப்பு ஒருபக்கமாக, நீங்கள் எதிர்பார்த்ததிலிருந்து வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது ஐசி. 4558 என்ற இரட்டை ஐசி (ஒன்றுக்குள் இரண்டு பெருக்கிகள்) இருந்த பெடலில் எட்டுக் கால் சாக்கெட் போட்டு டிஎல்072 மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு; கால் அமைப்பு ஒன்றுதான் என்பதால் அப்படியே உட்காரும். ஒற்றை ஐசிகளான 741, எல்எம்308 ஆகியவற்றுக்கும் எட்டுக் கால்தான், ஆனால் கால்களின் வேலை வேறு. 4558 இருந்த இடத்தில் இவற்றை வைக்கக் கூடாது. பேட்டரி போட்டு, மீட்டரின் கறுப்பு முள்ளை ஜாக்கின் கிரவுண்டில் வைத்து அளந்து பாருங்கள். 4558-க்கு 8-ஆம் காலில் பேட்டரி வோல்டேஜ் முழுதாக, 4-ஆம் காலில் பூஜ்யம், மற்ற ஆறு கால்களிலும் அதில் பாதி, அதாவது 4.5 அருகே. முள் ஆடும் பழைய மீட்டராக இருந்தால் சில கால்களில் குறைத்துக் காட்டும். டிஜிட்டல் மீட்டர் நல்லது. அவுட்புட் கால் 9-க்கோ பூஜ்யத்துக்கோ ஒட்டிக்கொண்டு நின்றால் ஐசி போய்விட்டது, அல்லது பாதி வோல்டேஜைத் தரும் ரெசிஸ்டன்ஸ் ஒன்று விடுபட்டிருக்கிறது. ஐசியின் மேல் விரல் வையுங்கள். சுடுகிறதென்றால் திருப்பிச் சொருகியிருக்கிறீர்கள். முதுகில் உள்ள பள்ளம் சாக்கெட்டின் பள்ளத்தோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஊமை என்றால், அண்ணாச்சி செய்ததைச் செய்யுங்கள். வெளியூரில் இதற்கென்று கருவி விற்கிறார்கள். அவர் பத்து நிமிடத்தில் செய்து தந்தார். பழைய கிடார் கேபிள் ஒன்றின் ஒரு முனையை வெட்டினார். வெளி வலையை முறுக்கி ஒரு முதலை கிளிப்பில் பத்தவைத்தார். நடு வயரோடு 0.1 மைக்ரோ கண்டன்சர் ஒன்றைச் சேர்த்து, கண்டன்சரின் மறுகாலை ஒரு தையல் ஊசியில் பத்தவைத்து, காலிப் பேனாக் குழாய்க்குள் நுழைத்தார். ஊசி முனை மட்டும் வெளியே தெரிந்தது. கேபிளின் மறுமுனை ஆம்பில் (கிடார் ஒலிபெருக்கியில்). கிளிப் பெடலின் கிரவுண்டில். பெடலின் இன்புட்டில் கிடாருக்குப் பதில் செல்போனிலிருந்து ஒரு பாட்டை மெதுவாக ஓடவிட்டார். பிறகு ஊசியை ஒவ்வொரு இடமாகத் தொட்டார்.

முதல் கண்டன்சரின் இந்தப் பக்கம்: பாட்டு. அந்தப் பக்கம்: பாட்டு. முதல் டிரான்சிஸ்டர்: பாட்டு. இரண்டாவதின் கலெக்டர் (பெருக்கிய சத்தம் வெளிவரும் கால்): பாட்டு, பலமாக. அடுத்த கண்டன்சரின் இந்தக் கால்: பாட்டு. அந்தக் கால்: ஒன்றுமில்லை. அண்ணாச்சி ஊசியை எடுத்தார், அயர்னை அந்தக் காலில் ஒரு விநாடி வைத்தார், கொஞ்சம் ஈயம் விட்டார். மேலே பளபளவென்று இருந்த அந்தப் பத்தவைப்புக்கு அடியில் கால் ஈயத்தைத் தொடாமலே நின்றிருந்தது. இதை எந்தக் கண்ணும் கண்டுபிடித்திருக்காது.

பாட்டு எங்கே நிற்கிறதோ, பழுது அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில். டயோடு நிற்கும் இடத்தில் சத்தம் குறைந்து கரகரப்பாவது சரிதான், பயப்பட வேண்டாம். ஊசி தொடும்போது "டப்" என்று அடிக்கும் என்பதால் ஆம்பின் வால்யூமை நன்றாகக் குறைத்து வையுங்கள். இந்த ஊசியை 9 வோல்ட் பெடலுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். ஆம்புக்குள் கொண்டுபோகாதீர்கள், அங்கே வீட்டு மின்சாரம் இருக்கிறது, வால்வ் ஆம்ப் என்றால் சில நூறு வோல்ட் இருக்கிறது, அணைத்த பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும்.

டயோடு மாற்றியதும் சத்தம் குறைந்துவிட்டது, அல்லது காது கிழிகிறது

இது பழுதே இல்லாமல் இருக்கலாம். வெட்டப்பட்ட அலையின் உயரம் டயோடின் வோல்டேஜைப் பொறுத்தது. சிலிக்கன் 0.6 வோல்ட்டில் வெட்டுகிறது. சிவப்பு எல்இடி போட்டால் 1.7-இல்தான் வெட்டும், சத்தம் சுமார் 9 டெசிபல் கூடும், சத்தம் அமுங்குவது குறைந்து விரல் அழுத்தத்துக்கு மதிப்பு வரும். ஜெர்மேனியம் 0.25 அருகே வெட்டும். சத்தம் 7 டெசிபலுக்குமேல் குறையும், லெவல் குமிழை முழுக்கத் திருப்பினாலும் பத்தாததுபோல் இருக்கும். தனி வாசிப்பில் முன்னால் நிற்க வேண்டியவர் ஜெர்மேனியத்துக்குப் போகும்முன் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது எல்இடி ஜோடிதான். தவிலும் டிரம்ஸும் சேர்ந்து இடிக்கும் கொடை மேடையில் சிலிக்கனும் ஜெர்மேனியமும் அமுங்கிப்போகின்றன.

ஜெர்மேனியம் வேண்டுமென்றால் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் தேடுங்கள். அவற்றில் டிடெக்டராக ஓஏ79 என்ற கண்ணாடிக் குழல் டயோடு இருக்கும். அயர்ன் சூடு அதற்கு ஆகாது. கழற்றும்போதும் போடும்போதும் காலை மூக்கு பிளையரால் பிடித்துக்கொண்டால் சூடு பிளையருக்குப் போய்விடும். போட்டபின் ஊமையாகிவிட்டால் சூட்டில் போயிருக்கலாம். மேலே சொன்ன மீட்டர் சோதனையே போதும்.

ஹம் என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது

ஆறாவது கம்பியில் மூன்றாவது கட்டை அழுத்தி மீட்டுங்கள். அந்த ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுருள் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய எலிமினேட்டரிலிருந்து (அடாப்டரின் பழைய வடிவம்) கசியும் ஹம் 100 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ அந்த ஜி சுரமேதான். காற்றிலிருந்து கிடாரின் பிக்கப்போ (கம்பி அதிர்வை வாங்கும் காந்தச் சுருள்) வயரோ வாங்கும் ஹம் 50, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. டிஸ்ட் குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு இப்படி ஒப்பிட்டால் சந்தேகம் எந்தப் பக்கம் என்று தெரியும். முடிவான சோதனை பேட்டரி: அடாப்டரை எடுத்துவிட்டுப் பேட்டரி போட்டதும் ஹம் போய்விட்டால் குற்றவாளி அடாப்டர். மாற்ற முடியாவிட்டால் பெடலுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் 100 மைக்ரோ, 25 வோல்ட் கண்டன்சர் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள், பிளஸ் மைனஸ் பார்த்து.

பேட்டரியிலும் ஹம் இருந்தால், கிடாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். போய்விட்டதா? பிக்கப் வாங்குகிறது, ட்யூப்லைட்டை விட்டுத் திரும்பி உட்காருங்கள். போகவில்லையா? பெடலுக்குள் கிரவுண்ட் வயர் ஒன்று விட்டிருக்கிறது. ஜாக்கின் கிரவுண்டிலிருந்து போர்டின் கிரவுண்டுக்கு, போர்டிலிருந்து உலோகப் பெட்டிக்கு, பீப் வைத்துப் பாருங்கள். பெட்டி கிரவுண்டோடு சேராவிட்டால் பெட்டியே ஏரியல் ஆகிவிடும். பெட்டிக்குப் புது பெயின்ட் அடித்தவர்கள் ஜாக்கின் நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி விட வேண்டும்.

பெடலில் ஒரு குறையும் இல்லாமல் வீட்டில் மட்டும் ஹம் வருவதும் உண்டு. கோடையில் நம் ஊர் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். எர்த் குழியும் காய்ந்துபோகும். போன பங்குனியில் மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் பெடலை மூன்று முறை கழற்றிப் பூட்டியபின், எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பார்த்தோம். இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

கொடை மேடை இன்னும் சிக்கல். ஜெனரேட்டர் ஒரு பக்கம், சீரியல் செட் ஒரு பக்கம், மைக்செட்காரருக்கு ஒரு லைன், நமக்கு ஒரு லைன். ஹம்மைக் கொல்ல ஆம்பின் மூன்று பின்னில் எர்த்தை உடைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிடார் கம்பி கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மைக் மிக்சரின் எர்த்தோடு. எர்த் இல்லாத ஆம்பில் ஒரு கசிவு வந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்திருப்பவர் உடம்பு வழியாகத்தான் அது போகும். மேடை ஏறியதும் மீட்டரை ஏசி நிலையில் வைத்து ஒரு முள்ளை மைக்கின் வலையிலும் ஒரு முள்ளைக் கிடார் கம்பியிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பத்து, இருபது என்று ஏறினால் மைக்கைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் ஹம்மும் குறையும்.

கிறீச் என்று கத்துகிறது

கிடார் வால்யூமைப் பூஜ்யமாக்கியும் கத்தினால் பெடலுக்குள் வெளியே போகும் சத்தம் உள்ளே வரும் வயருக்குத் திரும்புகிறது. புதிதாகப் போட்ட வயர்கள் நீளமாக இருந்தால் இது வரும். இன்புட் வயரையும் அவுட்புட் வயரையும் சேர்த்து முறுக்கி அழகாகக் கட்டி வைப்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். வயரைக் குறுக்குங்கள், இரண்டையும் எதிரெதிர்ச் சுவரோரம் ஒதுக்குங்கள், இன்புட்டுக்கு வலை போட்ட வயர் போடுங்கள். வேகமான ஐசி மாற்றியபின் வந்ததென்றால் ஐசியின் கரண்ட் கால்களுக்குக் குறுக்கே, காலை ஒட்டியே, 0.1 மைக்ரோ ஒன்று போட்டால் அடங்கும்.

பெடலில் ரேடியோ கேட்கிறது

தூத்துக்குடியில் ஒரு நண்பர் வீட்டில் பெடலை மிதித்ததும் செய்தி வாசிப்பது கேட்டது. தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 200 கிலோவாட் சக்தி கொண்டது. கடல் தாண்டி இலங்கைக்குக் கேட்க அமைத்தது. நீளமான கிடார் கேபிள் ஏரியலாகி, முதல் டிரான்சிஸ்டர் டிடெக்டராகி, பெடல் முழு ரேடியோ ஆகிவிட்டது. இன்புட்டில் கேபிள் நுழையும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 100 பைக்கோ செராமிக் கண்டன்சர் ஒன்று போட்டோம். 1053 கிலோஹெர்ட்ஸுக்கு அது வெறும் 1,500 ஓம் தடை, ரேடியோ அலை கிரவுண்டில் கொட்டிவிடும். 5,000 ஹெர்ட்ஸ் கிடார் சத்தத்துக்கோ 3 லட்சம் ஓமுக்கு மேல், அது பாட்டுக்குப் பாதையில் போய்விடும். அடங்காவிட்டால் 220 பைக்கோ வரை ஏற்றலாம்.

கண்டன்சர் மாற்றியபின் சத்தம் மெலிந்துவிட்டது, அல்லது போர்வைக்குள்ளிருந்து கேட்கிறது

கண்டன்சரின் முதுகில் உள்ள எண்ணைத் தப்பாகப் படித்திருப்பீர்கள். கடைசி இலக்கம் பைக்கோ கணக்கில் பூஜ்யங்களின் எண்ணிக்கை. 103 என்றால் 0.01 மைக்ரோ, 104 என்றால் 0.1, 473 என்றால் 0.047, 474 என்றால் 0.47. ஓர் இலக்கம் மாறினால் பத்து மடங்கு.

டிஎஸ்-1-இல் ஐசிக்குக் கீழே 4.7 கிலோ ஓமோடு 0.47 மைக்ரோ நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 72 ஹெர்ட்ஸுக்குக் கீழ் குறைக்கின்றன. கிடாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ் என்பதால் அது தப்பிவிடும். அங்கே 474-க்குப் பதில் 473 போட்டால் வெட்டு 720 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தடித்த கம்பிகள் எல்லாம் கொசு ரீங்காரம் ஆகிவிடும். மறுபக்கம், டயோடுகளோடு சேர்ந்து நிற்கும் 0.01 கண்டன்சர் தனக்கு முன்னால் உள்ள 2.2 கிலோ ஓமோடு சேர்ந்து 7,200 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைக்கிறது. அங்கே 103-க்குப் பதில் 104 உட்கார்ந்தால் 720-க்கு இறங்கிவிடும். அதுதான் போர்வைச் சத்தம்.

ரெசிஸ்டன்ஸ் நிறப் பட்டைகளும் இப்படித்தான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுபோல் தெரியும். 10 கிலோ 100 கிலோ ஆகிவிடும். போடும்முன் மீட்டரில் அளப்பதற்கு ஐந்து விநாடிதான் ஆகும்.

சத்தம் விட்டு விட்டு, துப்பித் துப்பி வருகிறது

மெதுவாக மீட்டினால் ஒன்றுமில்லை, ஓங்கி மீட்டினால் "பட்" என்று வந்து அறுந்துபோகிறது. பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழ் போயிருக்கலாம். புதுப் பேட்டரியிலும் இப்படியென்றால் அந்தப் பாதி வோல்டேஜை அளந்து பாருங்கள். 4.5-க்குப் பதில் 2 அல்லது 3 என்று நின்றால் அதற்குத் துணை நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் கசிகிறது, அல்லது திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ்.

குமிழைத் திருப்பினால் கரகரப்பு

தூசி என்றால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருப்பினால் போகும். திருச்செந்தூர், உவரி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஜாக்கையும் சேர்த்துப் பிடிக்கும், இரண்டையும் துடையுங்கள். துடைத்தும் போகவில்லையென்றால் குமிழுக்கு முன்னால் உள்ள கண்டன்சர் வழியாக டிசி கசிகிறது. குமிழின் காலில் டிசி வோல்டேஜ் அளந்து, அதே இடத்தில் முன்பு இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டால் தெரியும்.

விளக்கு மங்கல், மிதித்தால் "டொப்"

பழைய டிஎஸ்-1-இன் லேபிளில் ஏசிஏ (பாஸின் பழைய அடாப்டர் வகை) அடாப்டர் என்று போட்டிருந்தால் இப்போதைய 9 வோல்ட் அடாப்டரில் விளக்கு மங்கலாகத்தான் எரியும்; அது பழுதில்லை, அந்தக் காலத்து அடாப்டர் அதைவிடக் கூடுதலாகத் தரும். பேட்டரி போட்டால் பளிச்சென்று எரியும். ட்ரூ பைபாஸ் ஆக்கியபின் மிதிக்கும்போதெல்லாம் "டொப்" என்று அடித்தால் இன்புட் கண்டன்சரின் வெளிக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ஒன்று போடுங்கள். அவுட்புட்டிலும் ஒன்று.

திறந்து வைத்தால் பாடுகிறது, மூடினால் ஊமை

எல்லாம் முடித்து நாலு திருகாணியையும் முடுக்கியபின் வரும் இந்தக் கோளாறுதான் ஆளை மிகவும் சோர வைக்கும். புதிதாகப் போட்ட கண்டன்சர் பழையதைவிடக் குண்டாக இருக்கும். பத்தவைத்த காலை வெட்டாமல் அரைச் சென்டிமீட்டர் நீட்டி விட்டிருப்பீர்கள். அடித்தகடு மூடும்போது அது தகட்டில் படும், தகடு கிரவுண்ட். டிஎஸ்-1-இல் போர்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். திறக்கும்போது கழன்று விழுந்ததை மேசையிலேயே விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். தொலைந்துபோயிருந்தால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை அந்த அளவுக்கு வெட்டிப் போடலாம். நான் எத்தனையோ பெடலில் போட்டிருக்கிறேன். கால்களைக் கட்டரால் ஒட்ட வெட்டி, குண்டுக் கண்டன்சரைப் படுக்க வைத்து, தாளை உள்ளே வையுங்கள். ஒவ்வொரு திருகாணியை முடுக்கும்போதும் ஒரு முறை கம்பியை மீட்டிப் பாருங்கள். எந்தத் திருகாணியில் சத்தம் நிற்கிறதோ, அந்த மூலையில்தான் தொடுகிறது.